உள்வாங்கிய கடல்

படத்தை மாட்டிய அன்று அதில் அலையின் நுரை கட்டுமரத்தின் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்ததாகத்தான் எழிலரசிக்கு நினைவு. இன்று கூடத்தைப் பெருக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். நுரைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை ஈரமணல் இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் இடிக்கப்போகிற பழைய பங்களாவிலிருந்து அந்த ஆயில் பெயின்டிங்கை வாங்கி வந்தவன் அவள் கணவன் தமிழ்மணி. வெள்ளைக்காரன் காலத்துப் படம். பழுப்பேறிய வானம், தென்னைகள், ஆளில்லாத கரை, கடல். தேவனாம்பட்டினத்தில் பிறந்த எழிலரசி, எட்டு வயதில் சுனாமிக்குத் தங்கையைப் பறிகொடுத்த பிறகு கடல் பக்கமே போனதில்லை. கல்யாணமாகி அண்ணாமலை நகருக்கு வந்தபோது, இங்கே அலைச் சத்தம் கேட்காது என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

"பாத்துப் பாத்துப் பழகுனாதான் பயம் போவும்" என்று சொல்லித்தான் அவன் ஆணியடித்தான்.

அதனால் அவன்மேல்தான் சந்தேகம் வந்தது. காலேஜ் நாளில் பேனர் எழுதியவன், பிரஷ் பிடிக்கத் தெரிந்தவன். அவன் குளிக்கப் போனதும் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்தாள். வேர்வை நாற்றம்தான், பெயின்ட் வாடை இல்லை. ஆனால் கூடத்தில், ஜன்னலெல்லாம் திறந்திருந்தும், வெயிலில் அழுகும் பாசியின் வாடை சுவரோரமாகத் தேங்கி நின்றது.

"அந்தப் படத்துல நீங்க எதனா கை வெச்சீங்களா?"

"நான் எதுக்கு அதத் தொடப்போறேன்? அது பாட்டுக்குக் கெடக்கு."

அதை அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் அவன் ஆபீஸ் வேலையாகக் கடலூர் போய் அங்கேயே தங்கினான். அவன் போனதும் எழிலரசி சட்டத்தின் ஓரத்தில், நுரைக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுக் கதவைத் தாழிட்டாள். யாரும் வரவில்லை. காலையில் பொட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது நுரை. வெளிப்பட்ட கறுத்த சேற்றில் வெள்ளிக் கீறல்களாக ஏதேதோ மின்னின.

மீன்கள்.

அன்றைக்கும் கடல் இப்படித்தான் உள்ளே போனது. மீன் துள்ளுவதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். தங்கையும் அவள் கையை உதறிவிட்டு ஓடினாள்.

போன் செய்தாள். "என்னங்க, ஒடனே வாங்க. இந்தப் படத்த எங்கனா கொண்டுபோய்ப் போட்டுருங்க."

"வரேன். நீ தொடாத."

மத்தியானம் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் படத்தின் முன்னால் போய் நின்றான். அவள் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து பேசினாள். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"எழிலு," என்றான் கடைசியில், மெதுவாக. "எவ்ளோ மீனு பாரேன்."

படத்தைச் சுற்றி எடுக்கப் பழைய பெட்ஷீட் ஒன்றைத் தேடி உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கூடத்தில் யாருமில்லை. கதவில் போட்ட தாழ் போட்டபடியே இருந்தது.

படத்தில் கடல் இல்லை. அடிவானம் வரைக்கும் சேறு. அதன் நடுவே ஒருவன் குனிந்து, சட்டை நுனியை ஏந்திப் பிடித்து, மீன் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

தமிழ்மணி.

அவனுக்குப் பின்னால், வானத்தின் அடியில், ஒரு கறுப்புக் கோடு.

"வந்துருங்க." படத்தை அறைந்தாள். "திரும்பிப் பாருங்க. ஓடி வந்துருங்க."

அவன் நிமிரவில்லை. இன்னொரு மீனுக்குக் கையை நீட்டினான்.

கோடு தடித்தது.