நட்சத்திரம் போட்ட சொல்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்குப் போன பஸ், வழியில் மண் சரிந்து கிடந்ததால் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ஹெல்கா அம்மையாரும் இறங்கினார். அவர் ஜெர்மனிக்காரர், தரங்கம்பாடியில் தமிழ் படித்தவர். "இம்மலைகள் மிக வனப்புடையன" என்று புத்தகத் தமிழில் பேசி, வழியெல்லாம் எல்லோரையும் சிரிக்க வைத்தவர்.

தேயிலை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானில் அவர் கால் வழுக்கியது. கூரான கல் கெண்டைக்காலைக் கிழித்தது. ரத்தம் கொட்டியது.

"பிண்டன், பிண்டன்," என்று முனகினார். வலியில் தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது.

"தண்ணி கேக்குறாங்க போல," என்றார் ஒருவர்.

"புருசன் பேரா இருக்கும்," என்றாள் கூட வந்த ராக்காயி.

ராக்காயியின் பத்து வயது மகள் நாகலெட்சுமி மட்டும் கூர்ந்து கேட்டாள். பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் 'பைண்ட்' என்றால் கட்டு. பக்கத்துக் கிராமத்துச் சுமணா அக்கா மாட்டைக் கட்டச் சொல்லும்போது, சிங்களத்தில் 'பந்தின்ன' என்பாள்.

"கட்டச் சொல்றாங்கம்மா. துண்டக் குடுங்க."

காயத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது.

பாதை சரியாகி பஸ் கிளம்பியது. ஹெல்கா அம்மையாருக்குத் தமிழ் திரும்பி வந்தது.

"பாப்பா, என் மொழியை எங்ஙனம் அறிந்தாய்?"

"சுமணா அக்கா மாட்டுக்குச் சொல்றதும் அப்படித்தாங்க இருக்கும்."

சிங்களம் பேசும் டிரைவர் சிறிபால அம்மையாரைப் பார்த்துச் சிரித்தார். "ஆமா நோனா. பந்தினவா. கட்டுறது."

ஹெல்கா அம்மையார் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, பனி படர்ந்த கண்ணாடியில் விரலால் ஒரு நட்சத்திரம் வரைந்து, பக்கத்தில் ஒரு சொல்லை எழுதினார்.

"பிண்டனன். ஜெர்மன் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் இதன் பிள்ளைகள். இதன் சகோதரி ஒருத்தி இந்தப் பக்கம் வந்தாள். அவள் வழிப் பேரன்தான் சிங்களச் சொல்."

"நட்சத்திரம் எதுக்குங்க?"

"இதை எவரும் எழுதி வைக்கவில்லை. பேசியவர்கள் போய் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள். பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துத் தாயின் முகத்தை ஊகித்திருக்கிறோம். அதன் அடையாளமே நட்சத்திரம்."

நாகலெட்சுமி கண்ணாடியில் இருந்த சொல்லை உற்றுப் பார்த்தாள். மாட்டுக் கயிற்றுப் பக்கத்தில் கேட்ட சொல்லுக்கு இவ்வளவு பெரிய குடும்பமா?

"பிண்டனன்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"என்னடி சொல்ற?" என்றாள் ராக்காயி.

"'கட்டு'ன்னு சொன்னேம்மா. ரொம்பப் பழைய ஆளுங்க பேச்சுல."