படிகத்தில் டிரம்ஸ் வாசித்தது யார்?

ஞாயிறு மாலை 4.52. மாட்டுங்காவில் அனந்தநாராயணனின் மூன்றாம் மாடி வீடு. கூடத்தில் ஸ்டீரியோவின் பக்கத்திலிருந்த மஞ்சள் பையை வாலாம்பாள் எடுத்துத் திறந்தார். உள்ளே வயர் மட்டும் இருந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லை.

"கீதா, இதுலதானே கொண்டு வந்தே?"

"இதுலதான். வாசல்ல சார் கையில குடுத்தேன்," என்றேன்.

"நான்தான் வாங்கி இங்கே வச்சேன்," என்றார் அனந்தநாராயணன். "அப்போ உள்ளே இருந்தது. நன்னா ஞாபகம் இருக்கு."

காணாமல் போனது 'உப்பளம்' குழுவின் இரண்டாவது ஆல்பமான 'படிகம்'. கடையில் விற்றது அல்ல. வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் பதிவானபடியே இருந்தது. வேறு பிரதி கிடையாது. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும், நடுவில் தாளம் மூன்று முறை மாறும் ராக் இசை அவர்களுடையது. பம்பாயில் அதற்கு இருநூறு ரசிகர்கள் இருந்தால் அதிகம். ஆனால் அந்த இருநூறு பேர் எட்டு ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் ஒரே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது என் கணவர் பேச்சிராஜா. இரண்டாவதின் உறையில் நகுல் என்று இருக்கிறது. என் கணவர் குழுவை விட்டு விலகிய பிறகு செம்பூரிலிருந்து வந்து சேர்ந்தவன் நகுல். குழுவின் உயிர் பேச்சியோடு போய்விட்டது என்பார் அனந்தநாராயணன். வங்கியில் ஓய்வு பெற்றவர். நகுலின் வாசிப்புக்குத் 'தகரக் கொட்டு' என்று பெயர் வைத்ததும் அவர்தான். படிகம்தான் உச்சம் என்பார் வாலாம்பாள். இன்ஷூரன்ஸ் சர்வேயர். திருட்டு, தீ விபத்து என்று வரும் கோரிக்கைகளில் எது பொய் என்று பார்ப்பது அவர் தொழில்.

என் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி மாதத்தில் அந்த டிஸ்க்கை என் கையில் கொடுத்து, "பத்திரமா வை," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் திறந்து கேட்டதில்லை. படிகம் பதிவான மழைக்காலத்தில் தினமும் டிரம்ஸ் குச்சிகளோடு வெளியே போய் வந்தார் என்பது எனக்குத் தெரியும். இப்போது படிகத்தை மறுபடி வெளியிடுகிறார்கள். திங்கள் காலை பத்து மணிக்கு உறை அச்சுக்குப் போகும். ஆதாரம் இருந்தால் பெயரை மாற்றுகிறோம், இல்லையென்றால் பழையபடிதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்பதற்காக நான் கொண்டு வந்த ஆதாரம் அந்தப் பையில் இருந்தது.

4.55. அனந்தநாராயணன் கதவைத் தாழிட்டார். "யாரும் வெளியில போகப்படாது."

எல்லோருடைய பைகளையும் அவரே சோதித்தார். வாலாம்பாளின் கைப்பை, நகுலின் ஹெல்மெட், என் பர்ஸ், என் கொழுந்தன் வேல்ராஜின் சட்டைப்பை. தன் பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். எங்கும் இல்லை.

வேல்ராஜ் நகுலின் முன்னால் போய் நின்றான். "நாலரைக்குக் கீழ போனல்லாலே? எங்க கொண்டு வச்ச?"

"போன் வந்துச்சுப்பா. இங்க சிக்னல் இல்ல."

"இத்தனை வருசம் எங்கண்ணன் பேரைத் தின்னது காணாதோ?"

நகுல் அண்ணியிடம் முறையிடுவது போல என்னைப் பார்த்து, "பாபி, நான் எடுக்கல," என்றான்.

"சண்டையை நிறுத்துங்கோ," என்றார் வாலாம்பாள். நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தார். "வந்ததிலேருந்து என்ன நடந்ததுன்னு வரிசையா சொல்லலாம். ஆளுக்கு ஒண்ணா."

சொன்னோம்.

4.05. ஐந்து பேரும் பால்கனியில். வழக்கமான சண்டை. படிகத்தின் கிதார் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி இருக்கிறது என்றார் அனந்தநாராயணன். கீபோர்டு கல்யாண மண்டபத்து ஆர்கன். அட்டைப்படம் சோப்பு டப்பா. வாலாம்பாள் விடவில்லை. "பதினேழாவது நிமிஷத்துல டிரம்ஸ் மட்டும் தனியா வரதே, அதுக்கு என்ன சொல்றேள்?" அனந்தநாராயணன் எழுந்தார். "காபி கலக்கறேன். பால் பொங்கிடும்."

4.20. காபி வந்தது. 4.30. நகுல் கீழே போனான். 4.40. திரும்பி வந்தான். அனந்தநாராயணன் டம்ளர்களைத் தட்டில் அடுக்கி உள்ளே எடுத்துப் போனார். நாங்கள் மூவரும் பால்கனியை விட்டு அசையவில்லை.

"அப்ப கூடத்தைக் கடந்தது ரெண்டு பேர்," என்றார் வாலாம்பாள். "நகுல், அனந்து. நகுல், போன் யாருது?"

"ரெக்கார்டு கம்பெனி. நாளைக்குப் பத்து மணிக்குன்னு கன்ஃபர்ம் பண்ணாங்க."

"காட்டு."

காட்டினான். 4.31 முதல் எட்டு நிமிடம். வாலாம்பாள் என் பக்கம் திரும்பினார்.

"கீதா, இதுக்கு முன்னால டிஸ்க் வேற யார் கையிலாவது போச்சா?"

"வெள்ளிக்கிழமை சார் வாங்கிட்டுப் போனாங்க. அவங்க கம்ப்யூட்டர்ல திறக்குதான்னு பாக்கணும்னாங்க. சனிக்கிழமை தந்துட்டாங்க."

"கேட்டேளா அனந்து?"

"டிஸ்க்ல விளக்கு எரியறதான்னு பார்த்தேன், கழட்டிட்டேன். எல்லாரும் சேர்ந்துதானே கேக்கணும்?"

5.25. வாலாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டிஸ்க் இந்த வீட்டுலதான் இருக்கு. அதை எடுத்தவர் அனந்து."

வேல்ராஜ் சிரித்துவிட்டான். "யக்கா, எங்கண்ணனுக்காக ஊரோட சண்டை போட்ட மனுசன் அவரு."

"அதனாலதான் எடுத்தார். கடையில திருட்டுப் போச்சுன்னு கூப்பிட்டா நான் பூட்டை அப்புறம்தான் பார்ப்பேன். தேடினது யாருன்னு முதல்ல கேப்பேன். இங்கே எல்லார் பையையும் தேடினது அனந்து. இந்த வீட்டை யாரும் தேடலை. இது அவர் வீடுங்கறதால யாருக்கும் தோணலை."

"இது ஒரு ஆதாரமா?" என்றார் அனந்தநாராயணன்.

"இல்லை. ஆதாரம் நீங்க பேசாம விட்டது. எட்டு வருஷமா படிகம்னு சொன்னாலே தகரக் கொட்டுன்னுதான் ஆரம்பிப்பேள். உங்க ஒவ்வொரு வாக்கியமும் எனக்கு மனப்பாடம். பதில் எழுதினது நான்தானே. இன்னிக்கு கிதாரைத் திட்டினேள், கீபோர்டைத் திட்டினேள், அட்டையைக்கூட விடலை. டிரம்ஸைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நானே இழுத்தேன், எழுந்து போயிட்டேள். நகுல் எதிர்ல இருந்தா இன்னும் ரெண்டு மடங்கு திட்டற ஆள் நீங்க."

வாலாம்பாள் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை கேட்டுட்டேள். வாசிச்சது யாருன்னு தெரிஞ்சு போச்சு. உங்க கையில இருக்கும்போது தொலைஞ்சா உங்களைத்தான் கேப்பா. அதனால திருப்பிக் கொடுத்தேள். அஞ்சு பேர் நடுவுல தொலைஞ்சா நகுலைத்தான் கேப்பா. கேட்டாச்சு. ஆனா அதை உடைச்சுப் போட உங்களுக்கு மனசு வந்திருக்காது. அதுல இருக்கறது பேச்சி."

5.32. அனந்தநாராயணன் எழுந்து அலமாரியைத் திறந்தார். விற்காமல் போனதால் அவரே வாங்கி அடுக்கியிருந்த முதல் ஆல்பப் பிரதிகளுக்கு அடியிலிருந்து டிஸ்க்கை எடுத்து என் மடியில் வைத்தார்.

"மூணு தரம் கேட்டேன் கீதா," என்றார். "நான் தகரக் கொட்டுன்னு எழுதினதெல்லாம் அவனைத்தான்."

கம்ப்யூட்டரில் செருகினோம். கொஞ்ச நேரம் வயர் உரசும் சத்தம். பிறகு என் கணவரின் குரல். தாளத்தின் ஏழு எண்ணிக்கையை அவர் எண்களால் சொல்லவில்லை. "குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி, மான்குர்ட், வாஷி, சான்பாடா," என்று ஹார்பர் லைன் ரயில் ஸ்டேஷன்களாகச் சொல்லிவிட்டு டிரம்ஸைத் தொடங்கினார். நடுவில் ஒருமுறை நின்றது. "கை நடுங்குதுடே. திரும்பப் போடு." மறுபடி குர்லாவிலிருந்து ஆரம்பித்தார்.

நகுல் தரையில் உட்கார்ந்திருந்தான். "ரெக்கார்டிங்ல தப்பினா திரும்ப வாசிக்கலாம். ஸ்டேஜ்ல முடியாதே பாபி. அதான் பேச்சி பாய் என்னைக் கூப்பிட்டாரு. உறையில என் பேர் இருந்தாதான் கச்சேரி குடுப்பாங்கன்னு அவரேதான் போட்டாரு. கை விஷயம் வெளிய தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் எப்படிச் சொல்றது? டிஸ்க் சொல்லட்டும்னுதான் இன்னிக்கு வந்தேன்."

"முன்னமே ஒரு சாடை காட்டியிருக்கலாம்லா," என்றான் வேல்ராஜ். எழுந்து போய் நகுலுக்குத் தண்ணீர் கொண்டு வந்தான்.

6.10. நகுல் கீழே இறங்கிக் கம்பெனிக்குப் போன் செய்தான். வேல்ராஜ் அங்கிருந்த வைஃபையில் அந்தப் பகுதியை அவர்களுக்கு அனுப்பினான். 6.40. பதில் வந்தது. பேச்சிராஜாவின் பெயர் உறையில் வரும்.

அனந்தநாராயணன் என்னிடம் வந்தார். "நான் எழுதினதெல்லாம் பேச்சி படிச்சானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "படிச்சாங்க சார். ஒண்ணு விடாம."

மேஜையிலிருந்த அவர் போனை எடுத்து நீட்டினேன்.

"இப்ப எழுதுங்க," என்றேன். "குரூப்ல. நாங்க இருக்கும்போதே."

7.05. எழுதினார். 'படிகத்தில் டிரம்ஸ் முழுவதும் பேச்சிராஜா. நான் எட்டு வருடமாகக் கேட்டது உறையில் இருந்த பெயரை. இன்று ஆதாரத்தைத் திருடியதும் நான்தான். அனந்தநாராயணன்.'

ஏழு நிமிடத்தில் பதினெட்டு பதில்கள். நம்பமாட்டேன் என்றார் ஒருவர். அப்படியானால் படிகம்தான் பேச்சியின் உச்சம் என்றார் இன்னொருவர். முதல் ஆல்பம்தான் என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார்.

"கிளம்புவமா மதினி?" என்றான் வேல்ராஜ்.

"இரு," என்றேன். "யார் ஜெயிக்காங்கன்னு பாத்துட்டுப் போவோம்."