கட்டி வைத்த பிரேக்

"கையை எடுங்க! அது என் வண்டி."

மழையில் சொட்டச் சொட்ட ஷெட் வாசலில் நின்ற அந்த நெட்டையன் அப்படித்தான் ஆரம்பித்தான். வணக்கம் கிடையாது, மன்னிக்கணும் கிடையாது. ஸ்பானரும் கையுமாக நிமிர்ந்தவள் அவன் கண்களைப் பார்த்தாள். அப்பப்பா... கோபத்தில்கூட அழகாக இருக்க அந்தக் கண்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

"நான் முறையாக் காகிதம் எழுதி வாங்கின வண்டி சார் இது."

"எங்க அண்ணன் என்னைக் கேக்காம வித்துட்டான்!"

"அப்போ அண்ணன்கிட்டப் போய்ச் சண்டை போடுங்க. எங்கிட்ட வந்து எகிறாதீங்க."

வாரம் முழுக்கப் பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டு ஷெட்டில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டுவாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். துருவைச் சுரண்டி, இன்ஜினைப் பிரித்து அவள் கோத்திருந்த அழகைப் பார்த்ததும் அவன் குரல் தானாக இறங்கியது. அன்றே ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஞாயிறுதோறும் அவனும் வந்து வேலை செய்வான். முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொள்வான். பதிலுக்கு அவளுக்கு இன்னொரு பழைய வண்டி கொண்டுவந்து தருவான்.

தலையாட்டியபோது அவளுக்கு என்ன தெரியும், ஞாயிறுகள் இப்படி இனிக்கும் என்று?

"பல்லு மேடம், இந்த போல்ட்டைக் கடிச்சு முறுக்கினீங்களா? வரவே மாட்டேங்குது!"

"லிஃப்ட்காரருக்கு மேல கீழ போகத்தான் தெரியும். தள்ளுங்க அந்தப் பக்கம்."

போன ஞாயிறு, முன்சக்கரத்தின் பழைய பிரேக்கைத் தூக்கிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டினார்கள். அவனே அழுத்திப் பார்த்தான். கச்சிதமாகப் பிடித்தது.

"அவ்ளோதான், வேலை முடிஞ்சுது. அடுத்த வாரம் எடுத்துக்கிறேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான், பாவி! போகாதீங்க என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வீம்பு. கேட்டு, அவன் சிரித்துவிட்டால்...?

சனிக்கிழமை, அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து முன் பிரேக்கின் ஆயிலை வடித்துவிட்டாள். பின் பிரேக்கின் கம்பியையும் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்தால், அது மெல்ல மேலேறி வெளியேறட்டும் என்று கைப்பிடியை இழுத்துக் கட்டி வைப்பது வழக்கம். அவளும் ஒரு ரப்பர் பட்டையால் கட்டினாள். 'காத்து புகுந்திருச்சு, இன்னும் ரெண்டு வாரம் ஆகும்' என்று பொய்யும் தயார்.

ஞாயிறு காலை தலை பின்னிக்கொண்டிருந்தாள். "அந்தத் தம்பி வந்துட்டாரு போலடீ," என்று அம்மா குரல் கொடுத்த அதே நேரம் வண்டி உறுமியது.

ஷெட்டுக்கு ஓடினாள். வண்டி இல்லை. ரப்பர் பட்டை தரையில் கிடந்தது. சரிவில் வண்டி உருளாமல் இருக்க அவன் முன்பெல்லாம் கைப்பிடியைக் கட்டித்தான் நிறுத்துவானாம், அவனே சொல்லியிருக்கிறான். அதே கட்டு என்று நினைத்து அவிழ்த்துவிட்டான்!

ஐயோ...

தெரு சரிந்து நேரே பெரிய சாலையில் போய் முட்டும். அங்கே லாரிகள். தூறலில் செருப்புகூட இல்லாமல் ஓடினாள்.

"நிறுத்துங்க! பிரேக் இல்ல... ரெண்டு பிரேக்கும் இல்ல!"

அவனுக்குக் கேட்கவில்லை. பெடலை மிதித்தான், கைப்பிடியை நெரித்தான், வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்தான், இன்ஜின் அலறியது. சாலைக்கு நாலே வீடு இருக்கும்போது வண்டியைச் சட்டென்று ஒடித்து, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் கொண்டுபோய்ச் செருகினான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணலில் உட்கார்ந்திருந்தான். முழங்கையில் ரத்தம்.

"உங்களை யாரு வண்டியைத் தொடச் சொன்னது?" அவன் தோளில் படபடவென்று அடித்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என் தப்புதாங்க. போன வாரம் நான்தானே குழாயை மாட்டினேன். சரியா முறுக்கல போல..."

தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஆனால் அந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வாய் கூசாமல் பொய் சொல்வது?

"நீங்க சரியாத்தான் மாட்டினீங்க. நான்தான் ஆயிலை வடிச்சேன். பின் பிரேக்கைக் கழட்டினதும் நான்தான்."

"எதுக்கு?"

"வண்டி முடிஞ்சா நீங்க போயிடுவீங்கல்ல... அதுக்கு!"

அவன் முகம் இறுகியது. "செத்திருப்பேன்."

"தெரியும்." அவள் மணலில் மண்டியிட்டாள். "என்னை என்ன வேணா திட்டுங்க."

அவன் திட்டவில்லை. செருப்பில்லாமல் ஓடிவந்த அவள் கால்களைப் பார்த்தான்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல இவ்ளோ கஷ்டமா?"

"கஷ்டந்தான். போக மனசில்லன்னு நீங்க மட்டும் சொன்னீங்களா?"

"அதைச் சொல்லத்தான் சீக்கிரமே வந்தேன். உங்க வாசல்ல நின்னா நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு சுத்து சுத்தி, தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு வந்து கேக்கலாம்னு வண்டியை எடுத்தேன்."

"என்ன கேக்க...?"

"உங்க அம்மாகிட்டப் பேச எப்ப வரட்டும்னு."

அவள் கைக்குட்டையை எடுத்து அவன் முழங்கையில் சுற்றினாள். முடிச்சுப் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பவே வாங்க," என்றாள். "ஆனா வண்டியைத் தள்ளிக்கிட்டு வாங்க."