சூடு போகிற வழி

மெழுகுவத்திச் சுடர் சுவரை நோக்கிச் சாய்ந்தது. பிறகு அவளை நோக்கிச் சாய்ந்தது.

ஹில்யா கையை அசைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் விளிம்பிலெல்லாம் காகிதப் பட்டை ஒட்டியாயிற்று, கதவுக்கடியில் கம்பளத்தைச் சுருட்டி வைத்தாயிற்று. இன்னும் எங்கே சூடு கசிகிறது என்று பார்க்கத்தான் சுடரை ஏந்திக்கொண்டு சமையலறையைச் சுற்றி வந்தாள். காற்றுக் கசிந்தால் சுடர் ஒரு பக்கமாகத்தான் சாயும். இது உள்ளே, வெளியே, உள்ளே என்று, அயர்ந்து தூங்குகிற யாரோ ஒருவனின் மூச்சைப் போல மெல்லப் போய் வந்தது. அதுவும் அவளே கம்பளிப் பஞ்சைத் திணித்து அடைத்த துவாரத்துக்கு நேரே.

சுவருக்கு அப்பால் இருந்த பாதி வீடு ஓஸ்மோவுடையது. அவள் கணவன் ரெயோவின் தம்பி. மாமனார் வீட்டை இரண்டாகப் பிரித்தபோது, இந்த அடுப்பின் சூடு அங்கேயும் போகட்டும் என்று நடுச்சுவரில் கையகலத்துக்கு வழி விட்டிருந்தார். இந்தக் குளிர்காலம் அது ஹில்யாவின் கண்ணை உறுத்தியது. அடைத்துவிட்டாள்.

மறுநாளே ஓஸ்மோ தொப்பியைக் கசக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

“அண்ணி, என் அடுப்பு விரிசல் விட்டுப் போச்சு. பத்த வச்சா புகையெல்லாம் உள்ளயே அடிக்குது. அந்தப் பஞ்சை மட்டும் கொஞ்சம்…”

“விறகு பிளக்கறது நாங்க, குளிர் காயறது நீயா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் ரெயோ கேட்டான்: “தம்பி எப்படி இருக்கான்? ஆளையே காணோம்.”

“அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான்.”

ரெயோ விடிந்ததும் சாலைப் பனி தள்ளும் வண்டியை எடுத்துக்கொண்டு குஹ்மோ பக்கம் போனான். பனிப்புயலில் அங்கேயே மாட்டிக்கொண்டான். அதன் பிறகுதான் சுவரில் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தொந்தரவு செய்யக் கூசுகிறவனின் தட்டல். ஹில்யா ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். பிறகொரு நாள் தட்டல் நின்றது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று கூசினாள். நேற்றே போயிருக்கலாமே என்ற வெட்கம் இன்றைக்கும் அவள் காலைக் கட்டியது. நாளாக ஆக அந்த வாசல் தூரமாகிக்கொண்டே போனது.

இப்போது சுடர் மூச்சு விடுகிறது.

பஞ்சைப் பிடித்து இழுத்தாள். கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக.

“ஓஸ்மோ?”

மூச்சு நின்றது. சுடர் நேராக நின்றது.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். மதியம் கழிந்ததுமே இருட்டிவிட்டிருந்தது. அவன் புகைபோக்கியில் புகை இல்லை. படியில் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. கதவு தாழிடப்படவில்லை. உள்ளே வெளியைவிடக் குளிர். கரியும் பழைய துணியும் கலந்த வாடை.

துவாரத்தின் வழியே அவள் சமையலறை வெளிச்சம் விழுந்தது. அதற்குக் கீழே, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சுவர்ப் பலகையில் கன்னத்தைச் சாய்த்தபடி ஓஸ்மோ உட்கார்ந்திருந்தான். இமைகளில் உறைபனி. தோளைத் தொட்டாள். கட்டை.

“மன்னிச்சிடுடா,” என்றாள். சொல் வெறும் ஆவியாகப் போனது.

மேலே வெளிச்சம் மறைந்து திரும்பியது.

அவன் தோளிலிருந்து கையை எடுக்காமல், எக்கி, துவாரத்தில் கண்ணை வைத்தாள்.

அவளுடைய அடுப்பு. அவளுடைய நாற்காலி. அதில் முதுகைக் காட்டியபடி, தீயை நோக்கிக் கைகளை நீட்டிக்கொண்டு, ஓஸ்மோ.

அவன் தலைமுடியில் உறைபனி. உருகவில்லை.

கைக்கடியில் இருந்தவன் அசையவில்லை. அங்கிருந்தவன் எழுந்தான். அவசரமில்லாமல் குனிந்து, தரையில் கிடந்த பஞ்சைப் பொறுக்கினான். சுவரருகே வந்தான்.

“தப்பா நினைக்காதீங்க அண்ணி,” என்றான், கூச்சத்தோடு. “சூடு போகுது.”

பஞ்சு உள்ளே வந்தது. ஒரு பிடி. இன்னொரு பிடி. நீலம் பாரித்த விரல்கள் ஓரமெல்லாம் அழுத்தி அழுத்தி, இடுக்கு விடாமல், பொறுமையாகத் திணித்தன.