கூச்சமானி

உதவிக்கூடத்தின் வரிசையில் யாரும் ஊர்வம்பு பேசுவதில்லை. அதெல்லாம் பழைய காலம். சங்குமேடு குடியிருப்பிலிருந்து வரும் பெண்கள் இப்போது தலையைக் குனிந்துகொண்டு, தங்களுக்கு வாழ்க்கையில் நேர்ந்த மிகக் கேவலமான சம்பவத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடியே நகர்வார்கள். ஒருத்திக்குக் கல்யாணப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது. இன்னொருத்திக்கு வட்டிக்காரன் வாசலில் நின்று கத்தியது. முறை வரும்போது முகம் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஆறிய முகத்தோடு உள்ளே போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

உள்ளே இருந்தது கூச்சமானி. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி வட்டம், அதற்கு மேலே ஒரு விளக்கு. உட்கார்ந்து கேட்பவரின் முகத்தில் இரத்தம் எங்கே பாய்கிறது, காது மடல் எவ்வளவு சுடுகிறது, தொண்டை எப்படி அடைக்கிறது என்று அது பார்க்கும். கூச்சம் போதாவிட்டால் விளக்கு வெள்ளையாகவே இருக்கும். போதுமென்றால் பச்சை எரியும். பக்கத்துத் திறப்பு வழியாக உதவிப் பை வந்து விழும்.

இதைக் கொண்டுவந்த குழு சொன்ன நியாயம் எளிமையானது. உண்மையில் இல்லாதவன் கேட்கக் கூசுவான், ஏமாற்றுகிறவன் கூசமாட்டான். ஆகவே கூச்சத்தை அளந்தால் தேவை தெரிந்துவிடும். சான்றிதழ் வேண்டாம், தரகர் வேண்டாம், லஞ்சம் வேண்டாம். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சொல்கிறார்களே, அந்தப் பத்தில் கூச்சமும் ஒன்று என்பது குழுவில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பசித்தவர் எவரும் குழுவில் இல்லை, எப்படி வரும்?

குழந்தை நல அலுவலர் வசுமதி அந்த இயந்திரத்தை நம்பினாள். அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. தரகர்கள் விதவைகளின் அரிசியை மூட்டை மூட்டையாக விழுங்கியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். கூச்சமானி யாரிடமும் கை நீட்டவில்லை, யாருடைய மச்சானையும் முன்னால் விடவில்லை. வேறென்ன வேண்டும் என்று நினைத்தாள்.

அன்று காலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் பிலோமினா. துறைமுகத்தில் மீன் ஆய்கிற வேலை. பக்கத்தில் அவள் அக்கா மகள் ஜெனிட்டா, எட்டு வயது. அக்காவும் மாமாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் பிள்ளையை வைத்திருப்பவள் இந்தச் சித்திதான். பெற்றோர் இல்லாத பிள்ளையை உறவினர் வளர்த்தால், மாதாமாதம் அரசு உதவிக்கு விண்ணப்பித்தே ஆகவேண்டும். தொடர்ந்து மூன்று தடவை பச்சை எரியாவிட்டால் அந்த வீடு பிள்ளைக்குத் தகுதியற்றது என்று விதி. பிள்ளையை வெளிமாவட்ட விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டு தடவை வெள்ளை முடிந்து, இது மூன்றாவது.

"மேடம், அந்த பிஸ்கட்டு எனக்கா?" என்றாள் ஜெனிட்டா, மேசையைப் பார்த்து.

வசுமதி சிரித்துக்கொண்டே பொட்டலத்தை நீட்டினாள். பிள்ளை இரண்டை எடுத்து, ஒன்றைச் சித்தியின் வாயில் திணித்துவிட்டு, இன்னொன்றைத் தானும் தின்றது.

"கேளுங்க பிலோமினா."

"புள்ளைக்கு அரிசியும் பால்மாவும் வோணும். கவர்மென்ட்டு தர்றேன்னு சொல்லிச்சு. கேக்குறேன்."

வெள்ளை.

"கொஞ்சம் தாழ்மையா கேட்டுப் பாருங்களேன்."

"இன்னா மேடம் தாழ்மை? எங்க அக்கா செத்துப்போச்சு. அதுக்கு நான் ஏன் கூசணும்? திருடிட்டா வந்து நிக்கிறேன்?"

"உங்க குடியிருப்புல குணசுந்தரின்னு ஒருத்தங்க கூச்சம் வரவைக்கச் சொல்லித் தர்றாங்களாமே, போனீங்களா?"

"போனேன். உன் புருசன் ஊரு முன்னாடி உன்ன அடிச்சத நெனச்சுக்கோன்னிச்சு. நெனச்சா எனக்குக் கோவம்தான் மேடம் வருது. கூச்சம் அவனுக்கில்ல வரணும்."

வசுமதிக்கு அவளைப் பிடித்திருந்தது, அதுதான் தொல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லாதபோது அவளுடைய உதவிப் பையைப் பிலோமினா தூக்கிப்போனதை வசுமதி பார்த்திருக்கிறாள். வெளிர்நீலப் பை, ஒரு பக்கத்தில் 'அரசு உதவி பெறுபவர்' என்று கொட்டை எழுத்து. மற்றவர்கள் எழுத்தை மறைத்துக்கொண்டு ஓடுவார்கள். இவள் கடைத்தெரு முழுக்கத் தெரிகிறாற்போல் வீசிக்கொண்டு நடந்தாள். இப்படிப்பட்டவளிடமிருந்து பிள்ளையைப் பிரித்து அனுப்புவதா?

அலுவலர் விசாரணைக் கேள்விகள் கேட்கலாம் என்று விதியில் ஓர் இடம் இருந்தது. வசுமதி அதைப் பிடித்துக்கொண்டாள். நல்லதுக்குத்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஊரில் நடக்கிற அநியாயத்தில் பாதி இந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் நடக்கிறது.

"இந்தப் புள்ளைய தினம் குளிப்பாட்டுறீங்களா?"

"குளிப்பாட்டாம?"

"அப்புறம் ஏன் இவ்வளவு நாத்தம்? இவ உள்ள வந்ததுமே ரூமெல்லாம் மீன் நாத்தம்."

பிலோமினா வியப்போடு நிமிர்ந்தாள். "என் வேலை அது. மீனு நாறாம மல்லியப்பூவா மணக்கும்?"

வெள்ளை. வசுமதி குரலை உயர்த்தினாள். "ஸ்கூல்ல இவ பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்குறாங்களாம். டீச்சரே மூக்கப் பிடிச்சுக்கிறாங்களாம். தெரியுமா உங்களுக்கு? சொந்தப் புள்ளையா இருந்தா இப்படித்தான் ஊர் சிரிக்க விடுவீங்களா?"

அப்படி எந்த டீச்சரும் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் வாயில் வந்தது அது.

விளக்கு மினுங்கியது. பிறகு பளிச்சென்று பச்சை எரிந்தது.

வசுமதிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிள்ளை தப்பித்தது, சித்தியோடு இருக்கும். "வந்துடுச்சு பிலோமினா" என்று சொல்ல வாய் எடுத்தவள் நிறுத்தினாள். பிலோமினாவின் முகத்தில் கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கண்ணாடி வட்டம் அவளைப் பார்க்கவில்லை. சற்றே கீழே, பக்கத்தில் நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெனிட்டா தன் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு, பிடித்திருந்த சித்தியின் முந்தானையை விட்டுவிட்டு, ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டாள்.

"பயனாளி ஜெனிட்டா" என்றது இயந்திரம். "மாதந்தோறும் நேரில் வரவும்."

பிலோமினா பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் திரும்பினாள். "எங்கிட்ட இல்லாதத எடுத்து அவகிட்ட வெச்சிட்டீங்களே மேடம்" என்றாள். திட்டியிருந்தால்கூட வசுமதிக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

அடுத்தடுத்த மாதங்களில் ஜெனிட்டா தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பச்சை எரிந்தது. பிஸ்கட்டை நீட்டினால் வேண்டாமென்று தலையாட்டினாள். ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி மகிழ்ச்சியோடு தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வசுமதி, மாநிலத்துலயே அதிகக் கூச்சம் பதிவான குழந்தை உங்க மாவட்டத்துலதான் இருக்கு. ஆண்டு விழாவுல மேடையேத்தி ஒரு ஷீல்டு கொடுக்கப் போறோம். குழந்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அதிகக் கூச்சமுள்ள பிள்ளையை மேடையேற்றுவார்களாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வசுமதி பள்ளிக்கூடம் போனாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஜெனிட்டாவைக் காணோம்.

"அதுவா, குழாயாண்ட இருக்கும்" என்றாள் சத்துணவு சமைக்கிற அம்மா. "முன்னெல்லாம் இன்னொரு முட்டை தாங்கன்னு தட்டத் தூக்கினு மொத ஆளா ஓடியாரும். இப்ப கூப்ட்டாலும் வர்றதில்ல. எளச்சுப்போச்சு பாருங்க."

ஜெனிட்டா குழாயடியில் உதவிப் பையில் வந்த சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தோல் வெளுத்து வெடித்திருந்தது.

"சாப்பிடலையா கண்ணு?"

"எல்லாரும் போவட்டும் மேடம்."

"ஏன்?"

"நான் நின்னா அவங்களுக்கு நாறும்."

வசுமதி ஈரத்தில் மண்டியிட்டாள். "நீ நாறல. அன்னிக்கு நான் சும்மா சொன்னேன். டீச்சர் அப்படிச் சொல்லவே இல்ல, நான் பொய் சொன்னேன்."

பிள்ளை அவளை இரக்கத்தோடு பார்த்தது. "பொய்யா இருந்தா பச்சை வராது மேடம்."

அந்த இயந்திரம் பொய் சொல்லாது என்று குடியிருப்பு குடியிருப்பாகப் போய்ச் சொன்னவளே வசுமதிதான். ஷீல்டு பற்றிச் சொல்லாமல் எழுந்தாள்.

ஜெனிட்டா பெயரில் உள்ள ஆணையை மாற்றுங்கள், உதவியைச் சித்தியின் பெயருக்குத் திருப்புங்கள் என்று தலைமை அலுவலகத்தைக் கெஞ்சினாள். மனிதர்கள் கையில் ஒன்றுமில்லை என்றார்கள். எந்தக் கோரிக்கையானாலும் கூச்சமானி முன்னால் வைக்க வேண்டும், பச்சை வந்தால் நடக்கும்.

அதனால் அடுத்த உதவி நாளில், கூடம் திறந்ததும், வசுமதி மேசையைச் சுற்றி வந்து வரிசைக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அதில் உட்கார்ந்ததில்லை. உட்காருபவர் அண்ணாந்து பார்க்கும்படி அதைத் தாழ்வாகச் செய்திருக்கிறார்கள் என்பதே இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு கொழந்தைகிட்ட நான் பொய் சொன்னேன்" என்று தொடங்கினாள். "நீ நாறுறேன்னு சொன்னேன். நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் சொன்னேன். இப்ப அது சாப்பிட மாட்டேங்குது. நான் செஞ்ச தப்புக்கு அது..." தொண்டை அடைத்தது. காது இரண்டும் தீயாக எரிந்தன. கதவு திறந்திருந்தது, வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதுவரை யாருக்கும் எரியாத வெளிச்சத்தோடு பச்சை எரிந்தது.

இயந்திரத்துக்கு வார்த்தை காதில் விழாது, முகம்தான் தெரியும். கூசுகிறவருக்குக் கொடுக்க அதனிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

"உங்கள் தேவை உண்மையானது" என்றது. திறப்பு வழியாக நீலப் பை வந்து விழுந்தது. அரிசி, பால்மாவு, சோப்பு.

"எனக்கு இது வேண்டாம். அந்தக் கொழந்தையோட ஆணையை..."

"அடுத்தவர் வரலாம்."

வசுமதி பையோடு வெளியே வந்தாள். வரிசையில் நின்ற ஒரு தாய் அவள் முழங்கையைத் தொட்டு, "மேடம், இன்னா நெனச்சீங்க? ஒரே நிமிசத்துல வந்துடுச்சே. எனக்கும் சொல்லித் தாங்க மேடம், போன மாசம் எனக்கு வெள்ளை" என்றாள்.

அவளுக்கு முன்னால், வரிசையின் முதலில் பிலோமினா நின்றிருந்தாள். தலையைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தது ஜெனிட்டாவின் முறை. பிள்ளை தானாகவே உள்ளே போகப் புறப்பட்டது. வசுமதியைத் தாண்டும்போது நின்று, அவள் கையிலிருந்த பையைப் பார்த்தது. பிறகு யாருக்கும் தெரியாதபடி மெதுவாக, ரொம்ப நாள் பழகியவளைப்போல, அதைத் திருப்பி வைத்தது.

"எழுத்து இருக்குற பக்கம் உள்ள இருக்கணும் மேடம்" என்றது. "இப்படிப் புடிச்சா யாருக்கும் தெரியாது."