இரண்டாவது சங்கு

சங்கு நேரம் தப்பி ஊதியது. வழக்கமாகக் காலையில்தான் ஊதும். எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். இரண்டாவது சங்கு கேட்டால்தான் அசையலாம். இன்றோ நடுப்பகலில், சலவை ஆலையின் நீராவியும் சோப்புக் காரமும் ஈரத்துணி வாடையும் கலந்து கண்ணைக் கரித்துக்கொண்டிருந்த வேளையில், இஸ்திரி மெஷினின் மேல்தட்டை அவள் கீழே இழுத்த அதே நொடியில் ஊதியது. எதிரே நின்ற நாத்தனார், மடங்கிய காலரைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டதும் அந்த நொடிதான்.

தட்டு இறங்கிவிட்டது. கைப்பிடி அவள் பிடியில்.

"இந்த மெஷினும் எங்கண்ணன் மாதிரிதான் அண்ணி, சூடானா லேசுல ஆறாது" என்று சற்றுமுன் சிரித்தவள் இப்போது கத்தவில்லை. வாய் திறப்பதும் அசைவுதான். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

கூடம் முழுக்கப் பெண்கள் சிலையாக நின்றார்கள். காவலாள் ஒருவனும் இல்லை. என்றுமே இருந்ததில்லை. அசைந்தவரை அடிக்க மட்டும் அசையலாம், அடிக்காதவருக்கும் அதே அடி என்பது சட்டம். அதுவே போதுமாக இருந்தது. போன வாரம் மூட்டை கட்டும் அக்கா, கழுத்தில் ஊர்ந்த குளவியைத் தட்டிவிட்டாள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்களே இஸ்திரிப் பெட்டியால் அவள் மண்டையைப் பிளந்தார்கள். இவளும் ஓர் அடி அடித்தாள். மெதுவாகத்தான் அடித்தேன் என்று வீட்டில் சொன்னாள்.

இரண்டாவது சங்கு வரவில்லை.

துணி கருகுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். துணி அப்படி நாறாது. உஸ்ஸென்ற சத்தம் கொழகொழவென்று மாறியது. நாத்தனாரின் கடித்த உதட்டிலிருந்து ரத்தம் முகவாயில் இறங்கியது.

பொறுக்க முடியவில்லை. கைப்பிடியைத் தூக்கிவிட்டாள்.

தட்டோடு தோலும் ஒட்டிக்கொண்டு மேலே போனது.

"கையை எடுடி!"

கை நகரவில்லை.

"இன்னும் ஊதலையே அண்ணி." உதடு அசையாத முனகல்.

"எடுத்துத் தொலையேன்!"

பின்னால் ஓர் இஸ்திரிப் பெட்டி தாங்கியிலிருந்து எழும் சத்தம். இன்னொன்று. வயர் தரையில் இழுபட்டது. வெறுங்காலடிகள். அவசரமே இல்லாத காலடிகள்.

"இறக்கிடுங்க அண்ணி. வர்றாங்க."

பிடரியில் அனல் பட்டது.

கைப்பிடியைக் கீழே இழுத்தாள். இரண்டு கையாலும். உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு.

காலடிகள் நின்றன. அசைந்துவிட்டு மறுபடி பழையபடி நிற்பவளை என்ன செய்வதென்று சட்டத்தில் இல்லை. பிடரிக்குப் பின்னால் அனல் அப்படியே காத்திருந்தது.

சங்கு ஊதவில்லை.

தட்டின் விளிம்பில் புகை கிளம்பியது. அதற்கு அப்பால் நாத்தனாரின் கண்கள், இமைக்காமல், அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தன.

நன்றியோடு.