உட்கார்ந்தபடியே நடந்த அப்பா

சில்வண்டின் அப்பா தையல்காரர். காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஓயாமல் பேசும் மகளுக்குச் சில்வண்டு என்று பேர் வைத்ததும் அவர்தான்.

"சர்க்கரை நோய் எட்டிப் பாக்குது. தினமும் நடந்தா வாசலோட திருப்பி அனுப்பிடலாம்" என்று சொல்லி, நடையை எண்ணும் வாட்ச் ஒன்றைக் கொடுத்திருந்தார் டாக்டரம்மா. மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தப் பரிசோதனை. சில்வண்டு கவலையோடு காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அப்பாவுக்கோ கவலையே இல்லை. "பாத்தியா? இன்னைக்கு நடக்க வேண்டியதை நடந்தாச்சு" என்று வாட்சைக் காட்டினார்.

"எப்பப்பா நடந்தீங்க? நீங்க எழுந்திருக்கவே இல்லையே."

"வாட்ச் பொய் சொல்லுமா?"

சில்வண்டு பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாள். துணியைத் தள்ளும்போது அப்பாவின் கை ஆடியது. வாட்ச் எண்ணியது. இஸ்திரி போட்டபோது இன்னும் வேகமாக எண்ணியது.

"கால்ல கட்டிப் பாருங்க."

கட்டினார். கால் மெஷினை மிதித்தது. வாட்ச் அதையும் குஷியாக எண்ணியது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சில்வண்டுக்கு அழுகை வந்துவிட்டது.

"வாட்ச் ஏமாறும்பா. நோய் ஏமாறாதே."

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"கழட்டிக் குடுங்க. நான் கட்டிக்கிறேன்."

"உனக்கு எதுக்கும்மா?"

"என் கையில இருந்தா, நான் நடந்தாத்தான் எண்ணும். தனியா எங்கயும் போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ நீங்களும் வரணும்."

அப்பா வசமாக மாட்டிக்கொண்டார்.

அன்று முதல் தைத்த துணிகளை இருவரும் நடந்தே போய் வீடு வீடாகக் கொடுத்தார்கள். முதலில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. தெருமுனைக்குத் தெருமுனை நின்றார். போகப் போக, சில்வண்டு ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பரிசோதனை நாளும் வந்தது. டாக்டரம்மா முடிவைப் படித்தார். சில்வண்டு அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. எங்க, வாட்சைக் காட்டுங்க."

சில்வண்டு தன் கையை நீட்டினாள்.

டாக்டரம்மா திகைத்துப்போனார். "அப்போ நீங்க நடக்கவே இல்லையா?"

"நான் எங்க டாக்டரம்மா நடந்தேன்? தினமும் இவளுக்குத் துணைக்குப் போனேன். அவ்வளவுதான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்படியே துணைக்குப் போய்க்கிட்டே இருங்க."